சோலையம்மாள் பாடிய கேசட்

முனியராஜின் சட்டையில் ஏறிய மை சோப்புக்கு அசையாது. முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் போச்சு, பொட்டளவு இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிடும். அப்புறம் சோப்புத்தூளில் ஊறப்போட்டு, அதற்கப்புறம்தான் கல். சோலையம்மாள் இதைச் சிவகாசிக்குக் குடிவந்த முதல் மாதமே ஒரு நல்ல சட்டையைக் காவு கொடுத்துக் கற்றுக்கொண்டாள். நீலம் போகும், சிவப்பு போகும், தங்க மை மட்டும் போகவே போகாது. வெடி லேபிள் அடிக்கிற சீசனில் அவன் சட்டைக் கை இரண்டும் ஜிகினா ஒட்டியது மாதிரி மின்னும்.

"கலியாண மாப்பிள்ளை மாதிரியே இருக்கீக" என்பாள்.

"பொண்ணு யாரு?" என்பான் அவன்.

"அதான் சுவத்துக்கு அங்கிட்டு ராப்பகலாக் கத்திக்கிட்டு நிக்கிறாள்ல, அவதான்."

சுவருக்கு அங்கிட்டு நின்றது அச்சு மிஷின். முனியராஜ் அந்த பிரஸ்ஸில்தான் ஹெல்பராக இருந்தான். பிரஸ்ஸின் பின்சுவரை ஒட்டி நாலு வீடு ஒரே வரிசையாகக் கட்டி விட்டிருந்தார்கள். அதில் கடைசி வீடு இவர்களுடையது. ஒரு அறை, சமைக்க ஒரு சாய்ப்பு, துவைக்கிற கல் வெளியே முற்றத்தில். மற்ற வீடுகளை விட இதற்கு வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது சாமான் இறக்கிய அன்றே தெரிந்துவிட்டது. மிஷின் நேராக இந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால்தான் நின்றது. அது ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கும். சாமி படம் சாய்ந்து சாய்ந்து வாரத்துக்கு ஒருதரம் நேராக்க வேண்டியிருக்கும்.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே மேலக்கரைப்பட்டி அவர்கள் ஊர். சோலையம்மாளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு அடிபம்பும் ஒரு வேப்பமரமும்தான். முனியராஜ் சிவகாசி பிரஸ்ஸுக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். சீசன் நேரத்தில் ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு பேப்பர் கட்டுமேலேயே படுத்துக்கொள்வான். மகள் பொன்மணி பத்தாவது முடித்ததும், இனி பள்ளிக்கூடமும் அங்கேதான் என்று ஆனது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வைகாசி கடைசியில் ஒரு டெம்போ வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மொத்தம் ஒரு மணி நேரத்துப் பயணம். அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சோலையம்மாளே நினைத்தாள். வெட்கமாகக்கூட இருந்தது. துபாய்க்குப் போனவன் பெண்டாட்டியே சிரித்துக்கொண்டு நிற்கிறாள், சிவகாசிக்கு வந்தவள் கண்ணைக் கசக்கினால் யார் கேட்பார்கள்?

ஆனாலும் காய் வாங்கப் போனால் பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். ஏழாயிரம்பண்ணை பஸ் வந்து நின்று, கடைசி ஆள் இறங்குகிறவரை ஒரு தூண் பக்கத்தில் நிற்பாள். தெரிந்த முகம் இறங்கினால் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு இழுத்து வருவாள். இறங்காவிட்டால் காயோடு திரும்புவாள்.

"தக்காளி பஸ்ஸுலயா வந்து எறங்குது?" என்று முனியராஜ் கேட்டான்.

"வெலை கொறச்சலா இருக்குங்க அங்கன."

"இருக்கும் இருக்கும்."

அவளுக்கு ஊரைவிட ஊரிலிருந்த பேச்சுத்தான் விட்டுப்போயிருந்தது. அதையும்விட, பாட்டு. ஊர்ப்பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் அவளுக்குச் சரம் பின்னுகிற வேலை இருந்தது. ஒரு கொட்டகையில் பன்னிரண்டு, பதிமூன்று பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து வெடிகளின் திரிகளை நூலில் சேர்த்துப் பின்னிக்கொண்டே போவார்கள். பேசினால் கை நின்றுவிடும், பாடினால் ஓடும். ஒருத்தி ஒரு அடியை எடுத்து விட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்லி முடிக்க வேண்டும். மறுபாட்டு என்பார்கள். எடுத்து விடுகிறவள் எப்போதும் சோலையம்மாள். தீ விஷயத்தில் கண்டிப்பான போர்மேன்கூட அவள் பாட்டு விஷயத்தில் கண்டிப்பில்லாமல்தான் இருந்தான். பாட்டு நின்ற நாளில் சரம் குறைந்துபோகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

ஊரில் ஆவணி மாதம் முளைப்பாரி. அதிலும் அவள்தான் பாட்டுக்காரி. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி, மண்பானைகளில் எருவும் மண்ணும் இட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் புகாமல் சாக்கு மறைத்த ஒரு வீட்டுக்குள் வரிசையாக வைப்பார்கள். அடுத்த செவ்வாய் வரை தினமும் விளக்கு வைத்ததும் பெண்கள் அந்த வீட்டுக்குள் கூடி, பானைகளைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். பாட்டைக் கேட்டுத்தான் பயிர் எழும் என்பது ஊர்ப் பேச்சு. அவளுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவள் மருமகளோடு கோபித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட, அந்த வருஷம் அவசரத்துக்குச் சோலையம்மாளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவசரத்துக்கு நின்றவள் பதினைந்து வருஷம் நின்றாள். கடைசி நாள் சாமிக்கு உடைக்கிற முதல் தேங்காயில் ஒரு மூடி பாட்டுக்காரிக்கு. அதை அவள் சமையலுக்கு அரைத்ததில்லை. சில்லு சில்லாகக் கீறி, தெருவில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

சிவகாசி வீட்டு வரிசையில் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் பூட்டினால் பொழுது சாய்ந்துதான் திறப்பார்கள். சோலையம்மாளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. பகல் முழுவதும் அவளும் மிஷினும்தான். முதல் வாரம் தலைவலி. இரண்டாவது வாரம் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பஞ்சையும் தாண்டிக்கொண்டு அது வந்தது. டடக்கு டடக்கு உஸ்ஸ், டடக்கு டடக்கு உஸ்ஸ். தாளை எடுத்து, அடித்து, அடுத்த பக்கம் தள்ளுகிற சத்தம்.

ஒரு நாள் சட்டைக்கு மண்ணெண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தவள் வாயில் தானாக ஒரு அடி வந்தது.

"ஓட்டுச்சில்லில் மண்ணெடுத்து..."

டடக்கு டடக்கு உஸ்ஸ், என்றது சுவர்.

"ஓடத்தண்ணி தெளிச்சு வச்சோம்..."

டடக்கு டடக்கு உஸ்ஸ்.

சோலையம்மாள் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த அடியை எடுத்து விட்டாள். சரியாக அவள் நிறுத்துகிற இடத்தில் அது பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க இடம் கொடுத்தது. மறுபடி எடுக்கச் சொல்லி இழுத்தது. கொட்டகையில் இருந்த பதிமூன்று பேருக்கும் இப்படி ஒரு ஒழுங்கு இருந்ததில்லை. ஒருத்தி முந்துவாள், ஒருத்தி கொட்டாவி விடுவாள். இதற்குக் கொட்டாவி கிடையாது.

அன்று சாயங்காலம் முனியராஜ் வந்தபோது சட்டை காய்ந்து மடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்லருந்து யாரும் வந்திருந்தாகளா?" என்றான்.

"இல்லையே."

"பெறகு என்ன சந்தோசம்?"

"ஒங்க பொண்ணோட பாடிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் காதில் இருந்த பஞ்சு போய்விட்டது. மிஷின் ஓடுகிற நேரம் பார்த்துத் துணி துவைப்பாள், அரிசி புடைப்பாள். பழுதாகி நின்றால், "இன்னைக்கு ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குறா?" என்று புருஷனிடம் விசாரிப்பாள். பிரஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மறுபடியும் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரும்.

ஆடி பிறந்ததும் மதினி இருளம்மாள் வந்தாள். சோலையம்மாளின் அண்ணன் பெண்டாட்டி. முளைப்பாரிக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பதிலிருந்து பானை எண்ணி வைப்பது வரை ஊரில் பெண்கள் பக்கத்து வேலை எல்லாம் அவள் தலையில்தான். வெயிலில் வந்தவள் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னளா இது, மாவுமில்லுக்குள்ள குடியிருக்க மாதிரி?"

"பழகிப்போச்சு மதினி. சாப்பிட்டீகளா?"

"சாப்பாடு கெடக்கட்டும். காப்புக்கு முந்தின நாளே வந்துரு. காப்பு அன்னைக்கு மத்தியானம் வந்து எறங்காத."

சோலையம்மாள் அரிசியைக் களைந்தாள். காப்புக் கட்டிவிட்டால் பாட்டுக்காரி ஊர் எல்லை தாண்டிப் படுக்கக் கூடாது. எட்டு ராத்திரியும் ஊரிலேயே இருந்தாக வேண்டும். ஒரு நாள் பாடிவிட்டு பஸ் ஏறினால் பயிர் வெளுத்துப்போகும் என்பார்கள். தீபாவளி லேபிள் ஆர்டர் குவிந்து, முனியராஜ் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிற மாதம் அது. பொன்மணிக்கு புதுப் பள்ளிக்கூடம், காலாண்டுப் பரிட்சை வேறு. பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எட்டு நாள் எப்படிப் போவது?

சொன்னாள். இருளம்மாளுக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது. அவள் அப்படிப்பட்டவள். ஒரு வழி அடைத்தால் நின்று புலம்பாமல் அடுத்த சந்தைப் பார்ப்பாள்.

"அந்த டேப்பு ரிக்கார்டு ஓடுமா?" என்று அலமாரி மேலே காட்டினாள். முந்தின தீபாவளி போனஸில் வாங்கியது. பொன்மணி ரேடியோவில் வருகிற சினிமாப் பாட்டுகளை அதில் பதிவு செய்து வைத்திருந்தாள். "அதுல பாடிக் குடு. பிள்ளைகள்லாம் கேட்டுப் படிச்சுக்கிருவாளுக. இந்த ஒரு வருசம் ஒப்பேத்திருவோம்."

சோலையம்மாளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தான் போக முடியாவிட்டாலும் பாட்டாவது போகட்டும்.

பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினார்கள். மிஷின் ஓடாது, சத்தம் இருக்காது. பொன்மணி கதவைச் சாத்திவிட்டு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, கையால் சைகை காட்டினாள். சோலையம்மாள் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். நாலு அடியில் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றது. எங்கே மூச்சை விடுவது, எங்கே எடுப்பது என்றே தெரியவில்லை.

"எம்மா, மறந்துருச்சா?"

"பாட்டு மறக்குமாளா? யாரும் பிடிக்க மாட்டேங்குறாகளே."

"யாரு பிடிக்கணும்?"

சோலையம்மாள் சுவரைக் காட்டினாள். பொன்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சோலையம்மாள் ஒரே மூச்சில் ஒரு பக்கம் முழுக்கப் பாடி முடித்தாள். நடுவில் ஒரு குக்கர் விசில். கடைசியில், பட்டனை நிறுத்துவதற்கு முன்னால் பொன்மணி அவசரப்பட்டு, "அம்மா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டதும் அதிலேயே விழுந்துவிட்டது. அழிக்கத் தெரியவில்லை, அப்படியே பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆவணியில் எட்டு நாளும் விளக்கு வைத்ததும் சோலையம்மாள் தெற்கே பார்த்து நின்று ஒரு பாட்டாவது பாடினாள். முளைப்பாரி கரைத்து மூன்றாம் நாள், அதே கண்டக்டர் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு தேங்காய் மூடியும், துளிர்த்த பயிரில் ஒரு கொத்தும் இருந்தன. சோலையம்மாள் தேங்காயைக் கீறி வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். எந்த சாமித் தேங்காய் என்று யாரும் கேட்கவில்லை. தின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் அவள் விடவில்லை. பொன்மணி பன்னிரண்டாவது வந்துவிட்டாள், சோறு வடிக்கத் தெரியும். முனியராஜுக்கு ஆடி மாதத்திலிருந்தே சொல்லி வைத்தாள். ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு வாளி நிறைய சட்டைகளை அலசிப் போட்டுவிட்டு, தங்க மை போகாத ஒன்றை மட்டும், "இதை வேலைக்குப் போட்டுக்கோங்க, எப்படியும் போகாது" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஊரில் எல்லாரும் நன்றாகத்தான் வரவேற்றார்கள். மதினி ஆட்டுக்கறி எடுத்திருந்தாள். காப்புக் கட்டிய அன்று விளக்கு வைத்ததும் சோலையம்மாள் குளித்து, ஈரத்தலையோடு முளைப்பாரி வீட்டுக்குப் போனாள். பெண்கள் பானைகளைச் சுற்றி நின்றிருந்தார்கள். பாதிப் பேர் வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கி, கை கால் கழுவிய ஈரத்தோடு வந்தவர்கள். மூலையில் ஒரு ஸ்டூல்மேல் மைக் செட் கருப்பணனின் டேப் ரிக்கார்டர். வயர் சாக்குக்கு வெளியே போயிருந்தது. வேப்பமரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தான். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் ஒரு சிறுமிக்குப் பட்டனை மட்டும் காட்டிக் கொடுத்திருந்தான்.

"வந்த அலுப்பு இருக்கும். நீ உக்காரு சோலை" என்றாள் இருளம்மாள். சிறுமி பட்டனை அமுக்கினாள்.

"ஓட்டுச்சில்லில் மண்ணெடுத்து..." என்று சோலையம்மாளின் குரல் வீட்டுக்குள்ளும் வேப்பமரத்திலுமாக இரண்டாகக் கேட்டது. டடக்கு டடக்கு உஸ்ஸ். அந்த இடத்தில் முப்பது கைகள் தட்டின. கேசட்டைக் கேட்டுப் பாட்டைப் படிக்கவில்லை அவர்கள், கேசட்டோடு ஆடப் படித்திருந்தார்கள். குக்கர் விசில் வந்த இடத்தில் எல்லாரும் ஒரு குதி குதித்துத் திரும்பினார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "அம்மா, முடிஞ்சிருச்சா?" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள்.

சோலையம்மாளும் சிரித்தாள். சிரிக்காமல் எப்படி இருப்பது?

இரண்டாம் நாள், "இன்னைக்கு நான் பாடுதேன்" என்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எடுத்து விட்டாள். கைகள் வந்தன, ஆனால் ஒன்றுசேரவில்லை. சிலது முந்திப்போய் நின்று அவளுக்காகக் காத்திருந்தன. ஊர்க் காற்றில் அவளுக்குப் பழைய நிதானம் திரும்பியிருந்தது. அவர்களுக்கு மிஷினின் வேகம் பழகியிருந்தது. மூன்று பாட்டு முடிவதற்குள் எல்லாருக்கும் சங்கடமாகிவிட்டது.

"அத்தை, தப்பா நெனைக்காதீக" என்றாள் ஒரு பெண், போன வருஷம்தான் பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறியவள். "கேசட்டுல நீங்க இன்னும் நல்லாப் பாடுவீக."

இருளம்மாள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "போடி, வாயாடி." ஆனால் மூன்றாம் நாள் கேசட்தான் ஓடியது. நாலாம் நாளும்.

ஐந்தாம் நாள் பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. குழாய் கப்பென்று அடங்கியது. உள்ளே விளக்கு வெளிச்சம் மட்டும். பானைகளில் பயிர் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளும் வெள்ளையுமாக எழுந்து நின்றது. எல்லாரும் நின்றார்கள், எல்லாரும் திரும்பினார்கள், ஒருத்தி விடாமல் சோலையம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். விட்ட அடியிலிருந்தே எடுத்தாள். கைகள் தடுமாறின. அப்போது பட்டனுக்குக் காவல் இருந்த சிறுமி வாயாலேயே, "டடக்கு டடக்கு உஸ்ஸ்" என்றாள். ஒரே சிரிப்பு. அடுத்த அடிக்கு ரெண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த அடிக்கு எல்லாரும். டடக்கு டடக்கு என்று கை, உஸ்ஸ் என்று வாய். சோலையம்மாள் சிரித்துக்கொண்டே வேகத்தை ஏற்றினாள். ஏற்ற ஏற்ற வந்தார்கள். பதினைந்து வருஷம் பாடிய பாட்டுக்கு அவளே அறியாத ஒரு கால் முளைத்திருந்தது. அவள் கேசட்டில் இல்லாத பாட்டை எடுத்தாள், அதற்கும் பிடித்தார்கள். "பச்சைக் கொண்டை போட்டவளே, பந்தலுக்குள்ள ஒளிஞ்சவளே" என்று எடுத்தபோது அவள் தொண்டை நன்றாகத் திறந்துகொண்டது. இருளம்மாள்கூட முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள்.

கரண்ட் வந்தது. அமுக்கிய பட்டனை யாரும் தூக்கிவிட்டிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேசட் பேச ஆரம்பித்தது, வீட்டுக்குள்ளும் வேப்பமரத்திலும். சோலையம்மாளின் குரல்மேல் சோலையம்மாளின் குரல் ஏறியது. பாடிக்கொண்டிருந்தவள் ஒரு பாட்டில் இருந்தாள், கேசட் வேறு பாட்டில் இருந்தது. கைகள் ஒரு நொடி காற்றில் நின்றன. பிறகு சத்தம் பெரிதாக இருந்த பக்கம் போய்ச் சேர்ந்தன.

யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. கூட்டத்தில் நிற்கிற கை பெரிய சத்தத்துக்குத்தான் தட்டும். சோலையம்மாள் இரண்டு அடி சேர்ந்து பாடிப் பார்த்தாள். தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு, மற்றவர்களோடு வட்டத்தில் நின்று கை தட்டினாள்.

கடைசி நாள் முதல் தேங்காய் உடைத்ததும், பூசாரி பழக்கமாகக் கூப்பிட்டார்: "பாட்டுக்கு யாருப்பா, வாங்கிக்கோங்க." கருப்பணன் வந்து வாங்கிக்கொண்டான். போன வருஷம் அவன்தான் வாங்கி, இருளம்மாளிடம் கொடுத்துச் சிவகாசிக்கு அனுப்பியிருக்கிறான். வாங்கியபிறகுதான் சோலையம்மாள் அங்கே நிற்பதைப் பார்த்தான்.

"அக்கா, இது ஒங்களுதுல்ல, பிடிங்க" என்று நீட்டினான்.

"வச்சுக்கோடா. நீதான பாட்டு போட்ட" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், அவன் அப்படியே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஊருக்குப் போன கதையை முனியராஜ் கேட்டபோது, "பயிரு நல்லா வந்திருந்துச்சு" என்றாள். அன்றைக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் சட்டைக்கு மண்ணெண்ணெய் ஒற்றினாள். பாட்டு வர நாலைந்து நாள் ஆயிற்று. வந்தபோது, கரண்ட் போன அன்று பாடிய பாட்டுத்தான் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்து ஆடி. இருளம்மாள் மறுபடியும் வந்தாள். கை நிறைய முறுக்கும், மடியில் பிரிக்காத கண்ணாடித்தாளோடு ஒரு புதுக் கேசட்டும். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் காலண்டர் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்த பொன்மணி அன்று லீவில் இருந்தாள். முறுக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோலையம்மாள் அறையின் வாசல் பக்கம் வாளியை வைத்து, சட்டையை விரித்துப் பொட்டுப் பொட்டாக ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"பழசு தேஞ்சுபோச்சு சோலை" என்றாள் இருளம்மாள். "போன வருசம் கடைசி நாளு கேசட்டு இழுத்து இழுத்து ஒனக்கு ஆம்பளைக் குரலு வந்துருச்சு, கேட்டேல்ல? ஊரே சிரிச்சுச்சு. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பாடிரு. அந்தக் கொண்டைப் பாட்டையும் சேத்துரு. பிள்ளைக அதத்தான் கேக்குறாளுக. கேசட்டுல இல்லையேன்னு தேடுதாளுக."

"அதுக்கென்ன, நான் வந்து பாடுதேன் மதினி. இந்த வருசம் பொன்மணிக்குப் பரிட்சையும் இல்ல."

"வாயேன், யாரு வேண்டாம்ங்குறது? ஒன் ஊரு, ஒன் சாமி." இருளம்மாள் குரலில் கபடம் ஒன்றுமில்லை. "ஆனா நீ ஏன் எட்டு நாளு இந்த மனுசனையும் பிள்ளையையும் பட்டினி போட்டுட்டு வந்து கெடக்கணும்? கடைசி நாளு வா. பாரி தூக்கையில நில்லு. சாமி கும்புடு. ராத்திரியே பஸ் ஏறிரு. ஒனக்கும் அலைச்சல் இல்ல, எங்களுக்கும் நீ வருவியோ மாட்டியோன்னு பதைப்பு இல்ல."

"பாட்டுக்காரி இல்லாம..."

"அதான் கேசட்டு இருக்கே."

சோலையம்மாள் ஒற்றுவதை விட்டுவிட்டுத் தேய்த்தாள். தங்க மை சட்டைக் கையில் பளபளவென்று படர்ந்தது. பொன்மணி அதைக் கவனித்தாள். அம்மா சட்டையைத் தேய்த்து அவள் பார்த்ததில்லை.

"அத்தை" என்றாள் பொன்மணி, "அம்மா அங்க வரணும்னு ஆசப்படுறாகல்ல."

"நான் வராதன்னா சொன்னேன்? நீ வேற." இருளம்மாள் கண்ணாடித்தாளை நகத்தால் கிழித்து, கேசட்டை எடுத்துத் தட்டினாள். "இதையும் அதோட பாடணும் பாத்துக்கோ, அந்தச் சத்தம் இல்லாட்டிப் பிள்ளைகளுக்குக் கை வராது."

அதுவரை பழுது பார்ப்பதற்காக நின்றிருந்த மிஷின், சுவருக்கு அங்கிட்டு இரண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. டடக்கு டடக்கு உஸ்ஸ். அலமாரியில் டம்ளர்கள் சிணுங்கின.

"இந்தா, ஆரம்பிச்சுருச்சுல்ல" என்று இருளம்மாள் முகம் மலர்ந்து எழுந்தாள். "நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கேன். பொன்மணி, போடு போடு."

பொன்மணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொன்மணி கேசட்டை உள்ளே போட்டு, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் சுற்றத் தொடங்கியது. இருளம்மாள் உதட்டில் விரலை வைத்து, இன்னொரு கையால் ஆரம்பி என்று சைகை காட்டினாள்.

டடக்கு டடக்கு உஸ்ஸ் என்று சுவர் எடுத்துக் கொடுத்தது. மறுபடியும் எடுத்துக் கொடுத்தது.

சோலையம்மாள் சட்டையைச் சுருட்டி வாளியில் போட்டாள். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஏளா, சோலை" என்று இருளம்மாள் கிசுகிசுத்தாள், கேசட்டில் விழுந்துவிடாமல். "பாடலையா?"

சோலையம்மாள் முற்றத்துக்குப் போனாள்.